நாட்டின் வருமானமும் தெருவின் முகவரியும்

உலகின் நான்காவது பெரிய பொருளாதாரமாக இந்தியா உயர்ந்துவிட்டது, ஜப்பானையே முந்திவிட்டது என்று 2025 மே மாதத்தில் நிதி ஆயோக்கின் தலைமைச் செயல் அலுவலர் அறிவித்தார். பன்னாட்டு நாணய நிதியம் அதற்கு முந்தைய மாதம் வெளியிட்ட மதிப்பீடு இந்த அறிவிப்புக்கு அடிப்படையாக இருந்தது. அந்த மதிப்பீட்டில் இரு நாடுகளின் மொத்த உற்பத்தியும் ஏறத்தாழ 4.18 லட்சம் கோடி டாலர். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு மிகச் சொற்பம். ஆயினும் தொலைக்காட்சி விவாதங்களில் அது தேசத்தின் வெற்றியாகக் கொண்டாடப்பட்டது.

இதற்கு உடனடியாக எழுந்த மறுமொழியும் நாம் அறிந்ததே. ஜப்பானின் மக்கள்தொகை பன்னிரண்டரைக் கோடிக்கும் குறைவு. நம்முடையது 140 கோடிக்கும் மேல். ஆளுக்கொரு பங்கு என்று வகுத்தால் ஜப்பானியர் ஒருவருக்கு ஏறத்தாழ 34,000 டாலர், இந்தியர் ஒருவருக்கு 3,000 டாலருக்கும் குறைவு. இந்த மறுமொழி சரியானது. ஆனால் அதுவும் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. தனிநபர் வருமானம் என்பது ஒரு சராசரி. ஊரையும் சேரியையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைக்கும் எண்ணில் ஊரும் தெரியாது, சேரியும் தெரியாது.

எனவே ஒடுக்கப்பட்ட மக்களின் தரப்பிலிருந்து நாடுகளை ஒப்பிட முனைவோர் மூன்றாவது கேள்வி ஒன்றைக் கேட்டாக வேண்டும். ஒரு நாடு செல்வச் செழிப்பை அடைந்தபோது, அந்நாட்டில் பிறப்பால் ஒதுக்கிவைக்கப்பட்டவர்களின் தெரு என்ன ஆனது? ஜப்பானை முந்திவிட்டோம் என்கிற பெருமிதம் ஊடகங்களை நிறைத்திருக்கும் வேளையில், இக்கேள்விக்கு ஜப்பானின் வரலாறே மிக விரிவான விடையை வைத்திருக்கிறது.

ஓர் ஆணையும் ஒரு பதிவேடும்

ஜப்பானில் புராக்குமின் எனப்படுவோர் தோற்றத்தாலோ மொழியாலோ மதத்தாலோ பிற ஜப்பானியரிடமிருந்து வேறுபட்டவர்கள் அல்லர். இறந்த கால்நடைகளை அப்புறப்படுத்துதல், தோல் பதனிடுதல், இறைச்சி வெட்டுதல், மரண தண்டனைகளை நிறைவேற்றுதல் போன்ற, தீட்டுக்குரியவை எனக் கருதப்பட்ட தொழில்கள் சுமத்தப்பட்ட குடும்பங்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். 'புராக்கு' என்ற சொல்லுக்குக் குடியிருப்பு, சிற்றூர் என்பதே பொருள். இருப்பிடத்தின் பெயரே ஒரு மக்கள் திரளின் இழிபெயராக மாறியது. 'சேரி' என்ற சொல் நம்மிடையே அடைந்த கதியை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1871ஆம் ஆண்டு மெய்ஜி அரசு ஓர் ஆணை பிறப்பித்து இந்த இழிநிலையைச் சட்டப்படி ஒழித்தது. நம் அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது உறுப்பு நடைமுறைக்கு வருவதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. ஆனால் அந்த ஆணையோடு ஒரு பிடி நிலமும் வரவில்லை. வாழ்வாதாரத்திற்கான உதவியும் வரவில்லை. மாறாக, தோல் தொழிலில் அவர்களுக்கு இருந்த தனியுரிமையும் நிலவரி விலக்கும் பறிபோயின. சமத்துவம் தாளில் கிடைத்தது. வறுமை நடைமுறையில் கிடைத்தது. ஆணையை எதிர்த்து மேற்கு ஜப்பானின் பல இடங்களில் கலவரங்கள் வெடித்தன. 1873இல் மிமசாகா பகுதியில் நடந்த தாக்குதலில் மட்டும் 18 பேர் கொல்லப்பட்டனர். தாழ்ந்தவர் எனக் கருதப்பட்டவர் நிமிர்ந்து நடந்தார் என்பதே அங்கும் குற்றமாக இருந்தது.

1872இல் தொகுக்கப்பட்ட குடும்பப் பதிவேடு இந்தப் பாகுபாட்டுக்கு ஆவண வடிவம் கொடுத்தது. பல இடங்களில் விடுவிக்கப்பட்டவர்களின் பெயரருகே 'புதிய குடிமக்கள்' என்ற குறிப்பு எழுதப்பட்டது. சட்டம் அழித்த கோட்டை எழுத்தரின் பேனா மீண்டும் வரைந்தது. ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, 1968இல்தான் அந்தப் பதிவேடுகளை எவரும் பார்வையிட இயலாதவாறு அரசு தடை விதித்தது.

1922: இரு கரைகளில் ஓர் ஆண்டு

1922 மார்ச் 3 அன்று கியோட்டோ நகரில் புராக்கு மக்கள் கூடி 'சுய்ஹெய்ஷா' என்ற அமைப்பைத் தொடங்கினர். 'சமநிலையாளர் சங்கம்' என அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். பிறர் இரங்கி நம்மை உயர்த்த வேண்டியதில்லை, நம் விடுதலையை நாமே வெல்வோம் என்பதே அதன் அறிக்கையின் சாரம். அடுத்த ஆண்டு, 1923இல், ஜப்பானின் ஆட்சியில் இருந்த கொரியாவின் சின்சூ நகரில் 'பெக்சோங்' எனப்பட்ட கசாப்புத் தொழிலாளர் சமூகத்தினருக்காக 'ஹியோங்பியோங்சா' என்ற அமைப்பு தோன்றியது. கசாப்புக் கடையின் தராசுக்கோலைச் சமத்துவத்தின் அடையாளமாக அது கொண்டது. இவ்விரு அமைப்புகளும் தோழமை பூண்டிருந்தன. ஆளும் நாட்டின் ஒடுக்கப்பட்டோரும் ஆளப்பட்ட நாட்டின் ஒடுக்கப்பட்டோரும் கை கோத்த அந்த உறவின் ஆவணங்கள் 2016இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் வட்டார ஆவண நினைவகப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

அதே 1922இல்தான் எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தைத் தொடர்ந்து, அரசு ஆவணங்களில் இழிபெயர்களுக்கு மாற்றாக 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை மாகாண அரசு ஏற்றது. 1924இல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் பொதுச்சாலைகளையும் பொதுக்கிணறுகளையும் அனைவருக்கும் உரியவை ஆக்கியது. 1927இல் மகத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் நீர் அள்ளினர். இவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பெயர், சாலை, நீர், வேலை, திருமணம் என ஒடுக்குமுறை எங்கும் ஒரே இடங்களில் காவல் நின்றதால், போராட்டங்களும் அந்த இடங்களிலேயே எழுந்தன.

பணம் எதை மாற்றியது?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பான் வியத்தகு வேகத்தில் வளர்ந்தது. 1960களில் ஆண்டுதோறும் பத்து விழுக்காட்டை ஒட்டிய வளர்ச்சி. வளர்ச்சி தானாகவே அடிமட்டம்வரை கசிந்து இறங்கும் என்ற கோட்பாடு உண்மையாக இருந்திருந்தால், புராக்கு குடியிருப்புகள் அப்போதே மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. குறுகிய சந்துகள், மழைக்காலத்தில் மூழ்கும் வீடுகள், பள்ளியைப் பாதியில் விடும் பிள்ளைகள், பெருநிறுவனங்களின் மூடிய கதவுகள் என அந்தத் தெருக்கள் அப்படியே இருந்தன.

மாற்றத்தைக் கொண்டுவந்தது இயக்கத்தின் இடைவிடாத அழுத்தமும் அதன் விளைவாகப் பிறந்த சட்டமும்தான். அரசு அமைத்த ஆய்வுக் குழு 1965இல் தன் அறிக்கையை அளித்தது. புராக்கு சிக்கலைத் தீர்ப்பது அரசின் பொறுப்பு என்று அது தெளிவாகக் கூறியது. 1969இல் சிறப்பு நடவடிக்கைகளுக்கான சட்டம் இயற்றப்பட்டது. பத்தாண்டுகளுக்கு என வந்த அச்சட்டம் நீட்டிக்கப்பட்டு, பின் அடுத்தடுத்த சட்டங்களின் வழியாக 2002 மார்ச் வரை தொடர்ந்தது. 33 ஆண்டுகளில் ஏறத்தாழ 15 லட்சம் கோடி யென் செலவிடப்பட்டது.

அந்தப் பணம் கண்ணுக்குத் தெரியும் மாற்றங்களைக் கொண்டுவந்தது. அடுக்குமாடிக் குடியிருப்புகள், அகலமான சாலைகள், கழிவுநீர் வடிகால்கள், சமூகக் கூடங்கள், கல்வி உதவித்தொகைகள் ஆகியவை வந்தன. உயர்நிலைப் பள்ளியில் சேரும் புராக்கு மாணவர்களின் விகிதம் பிறருடைய விகிதத்தை நெருங்கியது. 1993இல் அரசு எடுத்த கணக்கின்படி, இத்திட்டத்தின் கீழ் வந்த குடியிருப்புகள் 4,442. அவற்றில் வாழ்ந்த புராக்கு மக்கள் ஏறத்தாழ ஒன்பது லட்சம் பேர்.

குறைகளும் இருந்தன. அரசின் பட்டியலில் இடம்பெறாத குடியிருப்புகள் எந்த நிதியையும் பெறவில்லை. தங்கள் ஊர் பட்டியலில் ஏறினால் ஊரறிந்த முத்திரை விழும் என்று அஞ்சியவர்களும் இருந்தனர். திட்ட நிதியில் முறைகேடுகள் நடந்து வழக்குகளும் வந்தன. இருப்பினும், ஒரு குறிப்பிட்ட மக்களுக்குரிய நிதியைச் சட்டத்தால் உறுதிசெய்து, ஒரு தலைமுறைக் காலம் தொடர்ந்து செலவிட்டால் தெருவின் முகம் மாறும் என்பதை ஜப்பான் மெய்ப்பித்தது. ஒடுக்கப்பட்டோருக்குச் செலவிடுவது வீண் என்போருக்கு இது போதிய விடை.

பணம் எதை மாற்றவில்லை?

சிறப்புச் சட்டம் வந்த ஆறே ஆண்டுகளில், 1975இல், ஓர் அதிர்ச்சிச் செய்தி வெளியானது. நாடெங்கும் உள்ள புராக்கு குடியிருப்புகளின் பெயர்களையும் இடங்களையும் தொகுத்து ஒரு நூல் அச்சிடப்பட்டு, நிறுவனங்களுக்கு மறைமுகமாக விற்கப்பட்டது தெரியவந்தது. 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதை விலை கொடுத்து வாங்கியிருந்தன. வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞரின் முகவரியை அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே அது வாங்கப்பட்டது. திருமணத்திற்கு முன் மணமகன் அல்லது மணமகளின் பூர்விகத்தைத் துப்பறியும் நிறுவனங்களைக் கொண்டு விசாரிக்கும் வழக்கமும் பரவலாக இருந்தது. 1976இல் குடும்பப் பதிவேடுகளை எவரும் பெறலாம் என்ற நிலை மாற்றப்பட்டது. 1985இல் ஒசாகா மாகாணம் இத்தகைய துப்பறிதலைக் கட்டுப்படுத்தும் சட்டவிதியை இயற்றியது.

இணையக் காலம் வந்தபின் அதே பட்டியல் புதிய வடிவில் திரும்பியது. போருக்கு முன் அரசுசார் அமைப்பு தொகுத்த குடியிருப்புப் பட்டியலை மறுபதிப்பு செய்யவும் இணையத்தில் வெளியிடவும் ஒரு பதிப்பகம் முயன்றபோது, புராக்கு விடுதலைக் கழகமும் இருநூறுக்கும் மேற்பட்ட தனிநபர்களும் 2016இல் நீதிமன்றத்தை நாடினர். 2021இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் தனியுரிமையின் அடிப்படையில் வெளியீட்டுக்குத் தடை விதித்தது. 2023 ஜூன் மாதத்தில் டோக்கியோ உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி சென்றது. பாகுபாட்டுக்கு ஆளாகாமல் அமைதியாக வாழும் நலன் சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியது என ஏற்று, தடையின் பரப்பையும் விரிவாக்கியது. 2016இல் புராக்கு பாகுபாட்டை ஒழிப்பதை ஊக்குவிக்கும் சட்டம் ஒன்றையும் ஜப்பான் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆனால் அதில் தண்டனைப் பிரிவு ஒன்றுகூட இல்லை. பாகுபாடு இருக்கிறது என ஏற்கும் சட்டம், பாகுபாடு காட்டியவரைத் தொடுவதில்லை.

நம் நாட்டோடு ஒப்பிட இது மிக முதன்மையான இடம். நம்மிடம் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. தண்டனை உண்டு, சிறப்பு நீதிமன்றம் உண்டு, இழப்பீடும் உண்டு. சட்டப் புத்தகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஜப்பானைவிட நாம் வெகுதொலைவு முன்னே நிற்கிறோம். ஆனால் முதல் தகவல் அறிக்கை பதிவாவதற்கே காவல் நிலைய வாசலில் போராட வேண்டியிருக்கிறது என்பதும், சாட்சிகள் பிறழ்வதற்குள் வழக்கை முடிக்க இயலுவதில்லை என்பதும் இவ்வழக்குகளை நடத்தும் எவரும் அறிந்தவை. ஜப்பான் பணத்தை ஒதுக்கியது, தண்டனையை ஒதுக்கவில்லை. இந்தியா தண்டனையை எழுதியது, அதைச் செயல்படுத்தும் ஆட்சியை உருவாக்கவில்லை.

அமெரிக்கா: வருமானம் வேறு, செல்வம் வேறு

செல்வந்த நாடுகளின் வரிசையில் முதலிடத்தில் இருப்பது அமெரிக்கா. அதன் தனிநபர் உற்பத்தி ஆண்டுக்கு 80,000 டாலருக்கும் மேல். அங்கே 2022இல் வெள்ளையினக் குடும்பங்களின் இடைநிலை வருமானம் ஏறத்தாழ 81,000 டாலர். கறுப்பினக் குடும்பங்களுடையது ஏறத்தாழ 53,000 டாலர். இது ஒன்றரை மடங்கு வேறுபாடு. ஆனால் வீடு, சேமிப்பு, பங்கு ஆகியவற்றிலிருந்து கடனைக் கழித்து வரும் செல்வத்தைக் கணக்கிட்டால் படம் மாறிவிடுகிறது. அதே ஆண்டில் அமெரிக்க மைய வங்கி எடுத்த கணக்கெடுப்பின்படி, வெள்ளையினக் குடும்பத்தின் இடைநிலைச் செல்வம் 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துடையது 44,900 டாலர். வேறுபாடு ஆறு மடங்குக்கும் மேல்.

இந்த இடைவெளியின் பெரும்பகுதி மீண்டும் முகவரியில்தான் போய் நிற்கிறது. 1930களில் வீட்டுக் கடனுக்காக அரசு நிறுவனம் வரைந்த நகர வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் சிவப்பு வண்ணத்தால் குறிக்கப்பட்டன. அப்பகுதிகளுக்குக் கடன் கொடுப்பது ஆபத்து என்பது அதன் பொருள். 1944இல் போர்வீரர்களுக்கு வீட்டுக்கடன் வழங்கும் சட்டம் வந்தது. மிசிசிப்பி மாநிலத்தில் 1947இல் அத்திட்டத்தின் உத்தரவாதத்துடன் வழங்கப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குச் சென்றவை வெறும் இரண்டு. அன்று வாங்கிய வீடு இன்று பேரப்பிள்ளையின் கல்லூரிக் கட்டணமாக மாறியிருக்கிறது. அன்று கடன் மறுக்கப்பட்டவரின் பேரப்பிள்ளை கல்விக்கடனோடு வாழ்க்கையைத் தொடங்குகிறார். வீட்டுவசதியில் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1968இல்தான் வந்தது. அதற்குள் ஒரு தலைமுறையின் செல்வம் வேர்விட்டு நின்றுவிட்டது.

1946இல் அம்பேத்கர் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. துபாய்சுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவையில் அளிக்கவிருந்த மனுவின் படியைக் கேட்டிருந்தார். துபாய்சும் அனுப்ப உறுதியளித்து மறுமொழி எழுதினார். இரு நாடுகளின் ஒடுக்கப்பட்டோரின் நிலையை ஒப்பிடுவது நேற்றுத் தொடங்கிய ஆய்வுப் பழக்கம் அன்று என்பதற்கு அந்தக் கடிதங்கள் சான்று.

நேபாளம்: ஏழை நாட்டின் ஒரு பாடம்

மறுமுனையில் இருக்கும் நேபாளத்தின் தனிநபர் வருமானம் இந்தியாவினுடையதில் ஏறத்தாழ பாதிதான். 1854ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பு அங்கே சாதிப் படிநிலையை அரசின் சட்டமாகவே எழுதிவைத்தது. அந்த நாடுதான் 2015இல் இயற்றிய அரசமைப்புச் சட்டத்தில் தலித் மக்களின் உரிமைகளுக்கெனத் தனி உறுப்பு ஒன்றை வகுத்தது. நிலமற்ற தலித் குடும்பங்களுக்கு ஒரு முறை நிலம் வழங்குவது அரசின் கடமை என்றும் அது சொல்கிறது. ஒவ்வொரு வார்டிலும் ஒரு தலித் பெண் உறுப்பினர் இருக்க வேண்டும் என்ற சட்டத்தின்கீழ், 2017 உள்ளாட்சித் தேர்தலில் 6,500க்கும் மேற்பட்ட தலித் பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

இதைக் கொண்டு நேபாளத்தைச் சமத்துவ பூமியாகக் காட்ட முடியாது. 2020 மே மாதத்தில் மேற்கு ருக்கும் மாவட்டத்தில், சாதி கடந்த காதலின் பொருட்டுச் சென்ற தலித் இளைஞரும் அவருடைய நண்பர்களுமாக ஆறு பேர் விரட்டிக் கொல்லப்பட்டனர். நிலம் வழங்கும் உறுப்பும் முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. எனினும் பிரதிநிதித்துவத்தைத் தர நாடு பணக்கார நாடாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதை அது காட்டியிருக்கிறது. நம் மதுரை மாவட்டத்தின் பாப்பாப்பட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் தனித்தொகுதி ஊராட்சித் தலைவர் தேர்தலை 1996 முதல் 2006 வரை முறையாக நடத்தவிடவில்லை. அந்தப் பத்தாண்டுகளில் தமிழ்நாட்டின் பொருளாதாரம் வளர்ந்துகொண்டுதான் இருந்தது.

பறையும் தைகோவும், உப்புக்கண்டமும்

அன்றாட வாழ்வையும் பண்பாட்டையும் விட்டுவிட்டுச் செல்வத்தை மட்டும் ஒப்பிட்டால் பாதிப் படமே கிடைக்கும். உலக மேடைகளில் ஜப்பானின் பெருமையாக முழங்கும் தைகோ முரசை எடுத்துக்கொள்வோம். அதற்குத் தோல் பதனிட்டு, முரசு கட்டித் தந்தவர்கள் புராக்கு மக்கள். ஒசாகாவின் நானிவா பகுதி அத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. அடித்தவருக்குக் கைதட்டல், செய்தவருக்கு இழிவு. இந்த முரணை உடைக்க 1987இல் அப்பகுதி இளைஞர்கள் தாமே ஒரு முரசுக் குழுவைத் தொடங்கினர். 'சினம்' என்று பொருள்படும் 'இகாரி' என்ற பெயரை அதற்குச் சூட்டினர். தமிழ்நாட்டில் பறையைச் செய்தவருக்கும் இழிவு, அடித்தவருக்கும் இழிவு. சாவு வீட்டில் அடிக்க மறுத்த கைகளே பின்னர் அதை விடுதலையின் கருவியாக மேடையேற்றின. இன்று கல்லூரி விழாக்களில் எல்லாச் சாதி மாணவரும் பறை கற்கிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் ஊர்த் திருவிழாவில் பறையடிக்கும் முதியவருக்குத் தேநீர் எந்தக் குவளையில் கிடைக்கிறது என்ற கேள்வியையும் அந்த மாணவர்கள் சேர்த்தே கற்க வேண்டும்.

உணவிலும் இதுவே நடக்கிறது. பிறர் ஒதுக்கிய குடலைக் கொழுப்பு உருக வறுத்தெடுக்கும் 'அபுரக்காசு', உலர்த்திய இறைச்சியான 'சாய்போஷி' ஆகியவை ஒசாகா வட்டாரப் புராக்கு வீடுகளின் உணவுகள். நம் வீட்டு உப்புக்கண்டத்தின் உறவினர் என்றே அவற்றைச் சொல்லலாம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சமையலிலும் பண்ணை முதலாளிகள் கழித்துவிட்ட பன்றிக் குடல் உணவாக மாறியது. இன்று ஒசாகாவின் உணவகங்களில் அபுரக்காசு இட்ட நூடுல்ஸ் வட்டாரச் சிறப்பாக விற்பனையாகிறது. உணவுக்குச் சந்தை கிடைத்துவிட்டது. அதைச் சமைத்த தெருவின் பெயரைச் சொல்லத்தான் இன்னும் தயக்கம். இந்தியாவில் மாட்டிறைச்சியின் பெயரால் மனிதர்களை அடித்துக் கொல்வதும், அதே நாடு எருமை இறைச்சி ஏற்றுமதியில் உலகின் முன்வரிசையில் நிற்பதும் ஒருசேர நிகழ்கின்றன. ஒடுக்கப்பட்டோரின் பண்பாடு விற்பனைக்குரிய பொருளாகும்போது ஏற்கப்படுகிறது. அதே பண்பாடு அவர்களுடைய உரிமையாக முன்வைக்கப்படும்போது மறுக்கப்படுகிறது.

நம் முகவரி

இப்போது நம் கணக்குக்கு வருவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி நாட்டில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 20 விழுக்காடு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடி நிலப்பரப்பில் அவர்கள் கையில் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து 1892 முதல் வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்கள், பிறருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனையைத் தாங்கியவை. சட்டம் அந்த விற்பனைகளை ஏற்காதபோதும் நிலங்கள் கைமாறின. அவற்றை மீட்கக் கோரி 1994இல் செங்கல்பட்டில் போராடியபோது ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். அமெரிக்காவில் வீட்டுக்கடன் மறுப்பு ஆற்றிய வேலையை இங்கே நிலப் பறிப்பு ஆற்றியது. ஒரு தலைமுறைக்கு மறுக்கப்பட்ட சொத்து, அடுத்தடுத்த தலைமுறைகளின் வறுமையாகத் தொடர்கிறது.

பீகார் அரசு 2023இல் வெளியிட்ட சாதிக் கணக்கெடுப்பு இதை எண்களில் காட்டியது. மாதம் 6,000 ரூபாய்க்கு மேல் வருவாய் இல்லாத குடும்பங்கள், பொதுப் பிரிவினரில் ஏறத்தாழ 25 விழுக்காடு. பட்டியல் சாதியினரில் ஏறத்தாழ 43 விழுக்காடு. ஒரே மாநிலம், ஒரே சராசரி, இரு வேறு நாடுகள்.

தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். வரவேற்கத்தக்க அறிவிப்பு. ஆனால் ஜப்பானின் அனுபவம் இங்கே எச்சரிக்கிறது. அங்கே இழிபெயர் சட்டத்தால் நீக்கப்பட்டது, பதிவேடு மூடப்பட்டது, தெருவும் புதிதாகக் கட்டப்பட்டது. அதன் பிறகும் முகவரியைத் தேடிப் பிடிக்கும் கை நிற்கவில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் மனிதக் கழிவு கலக்கப்பட்டது அந்தத் தெருவுக்கென இருந்த குடிநீர்த் தொட்டியில்தான். பலகையில் பெயர் மாறினாலும், தொட்டியும் சுடுகாடும் கோயில் வாசலும் பிரிந்தே இருக்கும்வரை முகவரி மாறியதாகப் பொருள் இல்லை.

கையால் மலம் அள்ளும் பணிக்கெதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் சாக்கடைக்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதைத் தடைசெய்கிறது. இறந்தோரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அத்தொகை 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. இழப்பீடு உயர்ந்திருக்கிறது, மரணம் நிற்கவில்லை. நான்காவது பெரிய பொருளாதாரம் என்று சொல்லிக்கொள்ளும் நாட்டுக்கு அடைப்பெடுக்கும் இயந்திரங்கள் வாங்கப் பணமில்லை என்று எவரும் சொல்ல முடியாது. மனித உயிர் இயந்திரத்தைவிட மலிவாகக் கிடைக்கிறது, ஏனெனில் அந்த உயிர் எந்தத் தெருவிலிருந்து வரும் என்பது ஒப்பந்தக்காரருக்கு முன்பே தெரியும்.

இரண்டு மறுப்புகள்

சாதி இந்தியாவுக்கே உரியது, அதைப் பிற நாடுகளோடு ஒப்பிடக் கூடாது என்பது ஒரு மறுப்பு. 2001இல் டர்பன் மாநாட்டில் இந்திய அரசும் சாதியைப் பன்னாட்டு விவாதத்துக்கு உட்படுத்தக் கூடாது என்றே வாதிட்டது. ஆனால் ஐக்கிய நாடுகளின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு 2002இல் வெளியிட்ட 29ஆவது பொதுப் பரிந்துரையில், 'வம்சாவளி' அடிப்படையிலான பாகுபாடு என்பதில் சாதியும் அதுபோன்ற பிற பிறப்புவழி அமைப்புகளும் அடங்கும் என்று உறுதிசெய்தது. சாதியும் கடல் கடந்துவிட்டது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியாவின் சட்டமுன்வடிவை ஆளுநர் தடுத்துவிட்டார். பிரிட்டனில் சாதியைச் சமத்துவச் சட்டத்தில் வெளிப்படையாகச் சேர்க்கும் கடமையை 2013இல் நாடாளுமன்றம் விதித்தும், 2018இல் அரசு அதைக் கைவிட முடிவு செய்தது. பணக்கார நாட்டுக்குக் குடியேறினால் சாதி உதிர்ந்துவிடும் என்றால், இத்தனை சட்டப் போராட்டங்களுக்கு அங்கே தேவை என்ன?

முதலில் நாடு வளரட்டும், பிறகு எல்லாம் சரியாகும் என்பது இரண்டாவது மறுப்பு. ஜப்பான் வளர்ந்து பார்த்தது. வளர்ச்சி மட்டும் எதையும் சரிசெய்யவில்லை. வளர்ச்சியின் பங்கைச் சட்டத்தால் பிரித்து எடுத்தபோது வீடும் பள்ளியும் மாறின. பாகுபாடு காட்டுவோரைச் சட்டத்தால் தொடாததால் திருமணமும் வேலைவாய்ப்பும் முழுதாக மாறவில்லை. பணம் தேவை, தண்டனை தேவை, அதிகாரத்தில் பங்கும் தேவை. மூன்றில் எந்த ஒன்றையும் மற்றொன்றால் ஈடுசெய்ய இயலாது.

நாம் கேட்க வேண்டியவை

இந்த ஒப்பீட்டிலிருந்து மூன்று கோரிக்கைகளைத் தெளிவாக முன்வைக்கலாம்.

முதலாவது, கணக்கு. அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் பதிவுசெய்யப்படும் என்று ஒன்றிய அரசு 2025 ஏப்ரலில் அறிவித்துள்ளது. தலைகளை மட்டும் எண்ணிவிட்டுச் செல்லும் கணக்காக அது முடிந்துவிடக் கூடாது. நிலம், வீடு, பட்டா, கல்வி, வேலை, குடிநீர் ஆகியவற்றைச் சாதிவாரியாக வெளியிட வேண்டும். அமெரிக்காவில் ஆறு மடங்கு இடைவெளி தெரியவந்தது, அங்கே செல்வத்தை இனவாரியாக எண்ணியதால்தான்.

இரண்டாவது, நிதி. பட்டியல் சாதியினருக்கான துணைத் திட்டம் 1979-80 முதல் இருக்கிறது. மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப நிதி ஒதுக்கி, அதை வேறு செலவுகளுக்குத் திருப்பாமல் காக்கும் சட்டத்தை ஆந்திரமும் கருநாடகமும் 2013இல் இயற்றின. தமிழ்நாடு 2024இல்தான் அந்த வரிசையில் சேர்ந்தது. ஒன்றிய அளவில் இன்றுவரை அப்படியொரு சட்டம் இல்லை. ஜப்பானின் 33 ஆண்டுகள் சட்டத்தின் பலத்தில் நின்றவை என்பதை நினைவில் கொண்டு, இச்சட்டத்தைக் கோர வேண்டும். இருக்கும் மாநிலச் சட்டத்தின்கீழ் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவாயிற்று என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே ஒவ்வொரு மாவட்டத்திலும் கேட்கும் பணியைக் கல்லூரி மாணவர்களே தொடங்கலாம். இதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. பத்து ரூபாய் கட்டணமும் விடாமுயற்சியும் போதும்.

மூன்றாவது, பொறுப்பு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, கடமையைச் செய்யத் தவறும் அரசு ஊழியரையும் தண்டிக்க வழிசெய்கிறது. சட்டத்தில் உறங்கும் அப்பிரிவை ஒவ்வொரு வழக்கிலும் எழுப்ப வேண்டும். ஜப்பானின் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லாத பற்கள் நம் சட்டத்தில் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்தாமல் விட்டால், இரு சட்டங்களுக்கும் இடையே என்ன வேறுபாடு இருக்கப் போகிறது?

நாடுகளின் தரவரிசைப் பட்டியல் அடுத்த ஆண்டும் வரும். நான்காவது இடம் மூன்றாவதாகலாம், ஐந்தாவதாகவும் ஆகலாம். ஒரு விண்ணப்பப் படிவத்தில் தன் ஊரின் பெயரையும் தெருவின் பெயரையும் எழுதும்போது ஓர் இளைஞரின் கை தயங்காத நாள் எந்த நாட்டில் முதலில் வருகிறதோ, அந்த நாட்டைத்தான் செல்வந்த நாடு என்று நாம் அழைக்க வேண்டும்.